வீட்டில் இருந்தும் 'வீட்டில் இல்லை'

முதலில் ஒரு விடுகதை. எங்கள் தொழிலில் மட்டும் புழங்குவது; வேறெங்கும் கிடைக்காது.

சந்தைக்குப் போனதில்லை. பழனிக்கு நடந்ததில்லை. வாசலைத் தாண்டியதே அபூர்வம். யார் எப்போது வந்து பார்த்தாலும் அதே சுவரோரம், அதே பாயில் இருப்பாள். ஆனால் கணக்கில் தேடினால் ஒவ்வொரு முறையும் 'வீட்டில் இல்லை'. அவள் யார்?

கையில் டேப் என்கிற கைக்கணினியும் தோளில் எடை மெஷினுமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறவராக நீங்கள் இருந்தால், இந்நேரம் விடையைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தலையையும் குனிந்திருப்பீர்கள். குனிய வேண்டாம். நாம் எல்லோரும் அந்த 'வீட்டில் இல்லை' பொத்தானை அழுத்தியவர்கள்தான். மற்றவர்களுக்காக விடையை விரிவாகவே சொல்கிறேன்.

முதல் ஜீப்

பெருமாள்மலையில் தொடங்கிச் சரிவில் இருக்கும் ஊர்களில் இறங்கி ஏறுகிற பாதை என்னுடையது. மாற்றுத்திறனாளிகள் இருக்கும் வீடுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் அவர்கள் உடல்நலத்தைப் பதிந்து வர வேண்டும். எடை என்ன, இரத்த அழுத்தம் என்ன, எந்த மருந்து, எந்த ஆஸ்பத்திரி, படுக்கைப் புண் உண்டா என்றெல்லாம் கேட்போம். பதிந்தது திண்டுக்கல் போய், அங்கிருந்து சென்னை போய், எந்த மலைக்கு என்ன மருந்து, எந்த ஊருக்கு என்ன வண்டி என்ற முடிவாகத் திரும்பி வரும் என்பது ஏற்பாடு. போவது சீக்கிரம் போய்விடும். திரும்பி வருவதற்குத்தான் மலை ஏற வேண்டியிருக்கிறது.

இந்தப் பாதை என் கைக்கு வந்தபோது, வர்ஷினி என்ற பதினொரு வயதுப் பெண்ணின் பெயருக்கு நேரே, எனக்கு முன் வந்தவர்கள் எல்லாச் சுற்றிலும் 'வீட்டில் இல்லை' என்றே பதிந்திருந்தார்கள். கன்னிவாடிப் பக்கம் அறுவடை வேலைக்குப் போகும் குடும்பம் போலிருக்கிறது, பிள்ளையையும் கூடவே கூட்டிப் போய்விடுகிறார்கள் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். கிளம்புவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று முதல் ஜீப்பில் தொற்றிக்கொண்டு, பனி விலகுமுன் அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே, அடுப்புக்குத் தள்ளி, சுவரில் சாய்த்து வைத்த தலையணைகளுக்கு நடுவே ஒரு பெண் இருந்தாள். கால்கள் மடங்கி இறுகியிருந்தன. என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்து முடித்துவிட்டு, என் எடை மெஷினைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் மெஷினில் ஏறி நிற்க வேண்டும். அவளால் நிற்க முடியாது. எடைக் கட்டம் காலியாக இருந்தால் டேப் அடுத்த பக்கத்துக்குப் போகாது. தாண்டிப் போக இரண்டே வழிகள் உண்டு. ஒன்று 'மறுத்துவிட்டார்'. அதை அழுத்தினால் குடும்பத்தின்மேல் விசாரணை வரும். மற்றொன்று 'வீட்டில் இல்லை'. வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்; குடும்பத்துக்குத் தொந்தரவு வேண்டாமென்று இரண்டாவதை அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். "பிள்ளை எப்பவும் இங்கதானா?" என்று கேட்டேன். அவள் அம்மா பாண்டிச்செல்வி அடுப்பை ஊதிக்கொண்டே பதில் சொன்னார்.

"அவ எங்க போவாக்கா, பொறந்ததுலேருந்து இந்த எடத்துலதான் கெடக்கா. நீங்கதான் ஆளாளுக்கு வந்து, குனிஞ்சு பாத்து, கன்னத்தைத் தட்டிட்டு, ஆளு இல்லைன்னு எழுதிட்டுப் போறீங்க."

சிவப்புக் கோடு

வர்ஷினிக்குப் பிறவியிலேயே மூளைவாதம். கைகால் அவள் சொன்னபடி கேட்காது. பேச்சு வராது, ஆனால் சொல்வதற்கு நிறைய உண்டு. 'ஆமாம்' என்றால் கண்ணை மேலே தூக்குவாள். 'இல்லை' என்றால் இறுக மூடிக்கொள்வாள். பிடிக்காத ஆள் வந்தால் மூடிய கண்ணை அவர் போகும்வரை திறக்க மாட்டாளாம். எனக்குத் திறந்தே வைத்திருந்தாள். அதை மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

கூடவே வலிப்பும் உண்டு. ஐந்து வயதில் ஒரு முகாமில் தூக்கி வைத்து எடை பார்த்து, அந்த எடைக்கு ஒரு சிரப் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கரண்ட் இல்லாத நேரத்திலும் தெரியட்டும் என்று, அளவு மூடியில் அந்த அளவுக்கு நேராகப் பாண்டிச்செல்வி சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தார். பாட்டில் மாறினாலும் மூடி மாறாது. மாதா மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏற முடியாதென்பதால், பழைய சீட்டைக் காட்டி அவர் மட்டும் போய் மருந்து வாங்கி வருவார். பிள்ளை வளர்ந்தாள். கோடு வளரவில்லை. எப்போதாவது வந்துகொண்டிருந்த வலிப்பு இப்போது வாரம் தவறாமல் வந்தது. வந்து போனால் நாக்கெல்லாம் கடிபட்டு, இரண்டு நாள் சோறு இறங்காது.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் போனேன். இளவயதுக்காரர், அவசரப்படாதவர். கம்ப்யூட்டரில் வர்ஷினியின் பெயரைத் தட்டினார். ஐந்து வயது எடை ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு வரிசையாக எங்கள் 'வீட்டில் இல்லை'. அங்கே இருந்ததும் நிற்கிற மெஷின்தான். இன்னொன்று கைக்குழந்தைகளுக்கான தட்டு. மருந்து குறைந்தால் வலிப்பு நிற்காது, கூடினால் பிள்ளை மயங்கியே கிடக்கும், ஈரலுக்கும் கெடுதல் என்று எனக்கு விளக்கினார். கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்ற முடியாதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எடை இல்லாம ஒரு மில்லிகூட ஏத்த மாட்டேன். நீங்க எடையோட வாங்க, அன்னிக்கே எழுதித் தர்றேன்."

அம்மாவைக் கழித்தால் மகள்

நமக்கெல்லாம் தெரிந்த வழி ஒன்று உண்டு. அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏற வேண்டும். பிறகு அம்மா மட்டும் ஏற வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பிள்ளை. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இது பிரமாதமாக வேலை செய்யும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

பாண்டிச்செல்வி மெலிந்த உடம்புக்காரர். வீட்டுத் தரை மண் தரை, ஒரு பக்கம் சரிவு. ஒரு பலகை தேடிப்பிடித்துப் போட்டு அதன்மேல் மெஷினை வைத்தோம். மகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். வர்ஷினிக்கு உற்சாகம் வந்தால் உடம்பு வில்லாக விறைத்துக்கொள்ளும். அன்றைக்கு அவளுக்கு ஏகப்பட்ட உற்சாகம். அம்மா தடுமாறத் தடுமாற இவள் சிரிக்கிறாள்; சிரிக்கச் சிரிக்க விறைக்கிறாள்; விறைக்க விறைக்க எண்கள் கீழிருந்து மேலும் மேலிருந்து கீழுமாகப் பாய்கின்றன. மூன்றாவது முறை பாண்டிச்செல்வியின் கால் பலகையிலிருந்து நழுவியது. இருவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டேன். ஆனால் அதோடு அந்த முறையை மூட்டை கட்டிவிட்டேன். ஒரு எண்ணுக்காகப் பிள்ளையின் இடுப்பை முறிக்க நான் மலை ஏறி வரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே பாயில் உட்கார்ந்த பாண்டிச்செல்வி மெஷினை ஒரு பார்வை பார்த்தார்.

"எம் பொண்ணு காலையிலேருந்து ஒரே எடைதாங்க்கா. ஒங்க மெஷினுதான் நிமிசத்துக்கு ஒண்ணு சொல்லுது."

சராசரி

சுற்று முடியும் நேரம் வந்தது. என் பாதையில் பதிந்து முடித்த மற்ற வீடுகள் எல்லாம் திரையில் பச்சை. வர்ஷினி வீடு மட்டும் சிவப்பு. சூப்பர்வைசர் திண்டுக்கல்லிலிருந்து போன் செய்தார். மோசமான மனிதர் அல்ல. அவருக்கு மேலேயும் ஒருவர் இருக்கிறார், அவருக்கு மேலேயும் ஒரு திரை இருக்கிறது. "பதினோரு வயசுப் பொண்ணுக்கு சராசரி எடை என்னவோ அதைப் போட்டு முடிங்க மேடம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார்.

எல்லோரும் அப்படிப் பண்ணுவது எனக்கும் தெரியும். ஆனால் இந்த எண் திரையோடு நிற்கப் போவதில்லை. அதைப் பார்த்துத்தான் டாக்டரம்மா மருந்தை எழுதுவார். வர்ஷினியோ கையைப் பிடித்தால் எலும்பு தெரிகிற பிள்ளை. சராசரிப் பிள்ளைக்கு உண்டான மருந்தை ஊற்றினால் அது இவளுக்குக் கூடுதல். இத்தனை வருஷத்தில் எந்த ஊரிலும் சராசரிப் பிள்ளை என்று ஒருத்தி எனக்குக் கதவைத் திறந்ததில்லை. அதையே சூப்பர்வைசரிடம் சொன்னேன். 'வீட்டில் இல்லை' என்றும் இனிப் போட மாட்டேன், உண்மையான எடை கிடைக்கும்வரை சிவப்பாகவே இருக்கட்டும் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"உங்களால என் ஸ்கிரீன் எப்பவும் செவப்பாத்தான் இருக்கு மேடம். போலீஸ்ல சிக்னல் பாக்கிற வேலைக்கு மாறிட்டீங்களான்னு நேத்து எங்க வீட்டம்மா கேக்கிறாங்க."

சிரமம் ஒன்றுமில்லை

பெருமாள்மலையில் ஜமால் பாயின் காய்கறிக் கமிஷன் கடை இருக்கிறது. சுற்று ஊர்களிலிருந்து சௌசௌ, பீன்ஸ், பட்டர் ஃப்ரூட் எல்லாம் அங்கே வந்து, எடை போட்டு, லாரி ஏறும். மூட்டைகளின் வாயைத் தைப்பவர் கருப்பையா. அவருக்குப் பார்வை கிடையாது. கோணி ஊசி அவர் கையில் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் தள்ளி நிற்கத் தோன்றும்.

அவருடைய விவரத்தைப் பதியப் போனேன். எங்கள் கேள்விகளைத்தான் உங்களுக்குத் தெரியுமே. யாராக இருந்தாலும் அச்சடித்தபடி கேட்டாக வேண்டும். நாமாக விடையை நிரப்பக் கூடாது. "கண்ணாடி அணிந்திருந்தாலும் பார்ப்பதில் உங்களுக்குச் சிரமம் உள்ளதா?" என்று கேட்டேன். ஜமால் பாய் கல்லாவிலிருந்து, "என்னம்மா கேள்வி இது, அவனுக்குத்தான்..." என்று ஆரம்பித்தார். "பாய், அவரே சொல்லட்டும்" என்றேன். கருப்பையா ஊசியை நிறுத்தி, கேள்விக்குரிய மரியாதையைக் கொடுத்து யோசித்தார். "சிரமமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. தெரியாது, அம்புட்டுதான்" என்றார். அந்தப் பதிலுக்குப் பொருத்தமான கட்டத்தைத் தேடிக் கொண்டிருந்தபோதுதான் அவருக்குப் பின்னால் இருந்த தராசைப் பார்த்தேன்.

தரையோடு தரையாக அகலமான தட்டு. மூட்டையைச் சாய்த்துப் போட்டாலும் நிமிர்த்திப் போட்டாலும் சிவப்பு எண்கள் ஓடி, தயங்கி, ஒரே இடத்தில் நின்றன. வருஷா வருஷம் அதிகாரிகள் சோதித்து முத்திரை போடுகிற தராசு. தட்டு, ஒரு நாற்காலி வைக்கிற அகலம் இருந்தது. ஒரு நாற்காலியும் அதில் ஒரு பிள்ளையும். ஜமால் பாயிடம் வர்ஷினியைப் பற்றிச் சொன்னேன். வலிப்பு, சிவப்புக் கோடு, டாக்டரம்மா கேட்ட எடை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைக்குள் நுழைந்துகொண்டிருந்த பனிமூட்டத்தைப் பார்த்தபடி சற்று நேரம் தாடியை நீவினார்.

"மத்தியானம் லோடு போனப்புறம் கடையில ஆளு இருக்காது. தட்டைக் கழுவி வைக்கச் சொல்றேன், புள்ளையக் கூட்டிட்டு வாங்கம்மா."

கழிவு

நான் நினைத்தது போல அது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. பாண்டிச்செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. "சௌசௌ மூட்டை போடுற தட்டுலயாக்கா எம் புள்ளைய வைக்கச் சொல்றீங்க? ஊர்ல பாத்தா என்ன பேசுவாக?" என்றார். அந்தக் கோபத்தைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்தத் தாயும் அப்படித்தான் கேட்பாள். "என்னையும் கேக்காதீங்க, நீங்களும் சொல்லாதீங்க. அவகிட்ட கேப்போம்" என்றேன். வர்ஷினியின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஜீப்பில் போவோம். நாற்காலியில் உட்கார வைத்துத் துப்பட்டாவால் கட்டுவோம். தார்ப்பாயை இழுத்து விடுவார்கள், ரோட்டிலிருந்து யாரும் பார்க்க முடியாது. எடை தெரிந்தால் மருந்தைச் சரி பண்ணலாம். வலிப்பு குறையலாம், குறையும் என்று சத்தியம் பண்ண முடியாது. போகலாமா? கண் மேலே போனது. "ஒனக்கென்னடி, ஜீப்புல ஊர்கோலம் போலாம்ல, அதான்" என்றார் அம்மா. கண் மறுபடியும் மேலே போனது.

காய் ஏற்றிப் போகும் ஜீப்பில் முன் சீட்டைக் கேட்டு வாங்கினோம். ஜமால் பாய் சொன்னபடி தட்டைக் கழுவித் துடைத்து, முன்பக்கம் தார்ப்பாயைத் தொங்கவிட்டிருந்தார். முதலில் வெறும் நாற்காலி, துப்பட்டாவோடு. பிறகு வர்ஷினி. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உடம்பு விறைத்தது, எண்கள் ஓடின. ஆனால் இங்கே விழுவதற்கு அம்மா இல்லை, வழுக்குவதற்குப் பலகை இல்லை. காத்திருந்தால் போதும். காத்திருந்தோம். "புள்ள சிரிக்குதா?" என்று கருப்பையா மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப ஒருத்தரும் பேசாதீக" என்றார். ஒருவரும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளுக்கே அலுத்துப் போய் உடம்பு தளர்ந்தது. எண்கள் ஓடி, தயங்கி, நின்றன. இறக்கி வைத்து இன்னும் இரண்டு முறை பார்த்தோம். அதே எண்.

ஜமால் பாய் நாற்காலியைக் கழித்து, ஏலம் விடுகிற பழக்கத்தில் உரத்த குரலில் அறிவித்தார்: "இருபத்திரெண்டு கிலோ நானூறு!" பாண்டிச்செல்வி அந்த எண்ணை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கமிஷன் கடைகளில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று மூட்டைக்கு மூட்டை கழிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கருப்பையா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்.

"பாய் ஈரத்துக்குக் கழிக்காம எடை சொல்லி இன்னிக்குத்தான் கேக்கேன்."

புதுக் கோடு

தராசின் எண், முத்திரை, நாற்காலியில் வர்ஷினி எல்லாம் தெரிகிற மாதிரி, பாண்டிச்செல்வியின் சம்மதத்தோடு போட்டோ எடுத்திருந்தேன். வர்ஷினியையும் கூட்டிக்கொண்டு அதே ஜீப்பில் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். பின்னணியில் சௌசௌ மூட்டைகள் இருந்தன. எந்த இடம் என்று கேட்டார்; சொன்னேன். தராசு சரியானதுதானா என்று கேட்டார். இந்த வருஷத்து முத்திரையைக் காட்டினேன். பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார், இரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொன்னார், பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரோடு போனில் பேசினார்.

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். அன்றைக்கே எழுதினார். ஒரேயடியாக இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும்படி. பாண்டிச்செல்வி பையிலிருந்து அந்த மூடியை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் பழைய கோட்டைத் துடைத்தார். அது லேசில் போகவில்லை, சுரண்டித்தான் எடுத்தார். புதிய அளவுக்குப் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, மேஜைக்கடியில் இருந்த தன்னுடைய எடை மெஷினைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

"இதுக்கு யாரு முத்திரை போட்டான்னு இதுவரைக்கும் நான் கேட்டதே இல்ல. முதல்ல அதைக் கேக்கணும்."

மூன்றாவது பொத்தான்

எடை கிடைத்துவிட்டதே, கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். டேப் அப்படி நினைக்கவில்லை. 'எடை பார்த்த கருவி' என்ற இடத்தில் நிற்கும் மெஷின், குழந்தைத் தட்டு என்று இரண்டே பெயர்கள் இருந்தன. மண்டித் தராசு இல்லை. நிற்கும் மெஷின் என்று அழுத்தினால் சிவப்பு போய்விடும். ஆனால் நிற்க முடியாத பிள்ளை நின்றதாக ஆகிவிடும். அடுத்த சுற்றில் அவளுக்குச் சக்கர நாற்காலி எதற்கு, சிகிச்சை வண்டி எதற்கு என்று யாராவது கேட்பார்கள். நான் அழுத்தவில்லை. போட்டோவையும் எடையையும் தனியாக எழுதிச் சூப்பர்வைசருக்கு அனுப்பிவிட்டு, அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்குத் திண்டுக்கல் போனேன்.

கூட்டத்தில் மேலதிகாரி ஒருவர் மலைப்பகுதியின் விவரத்தைத் திரையில் காட்டினார். நடக்க முடியாத பிள்ளைகளில் எடை குறைந்தவர்கள் மிகக் குறைவு என்றும், அதனால் மலைக்குத் தனியாகச் சத்துமாவும் சிகிச்சை வண்டியும் அவசியப்படவில்லை என்றும் விளக்கினார். நான் எழுந்து, ஒரே ஒரு கேள்வியை என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் கேட்க அனுமதி வேண்டும் என்றேன். "பிள்ளை கண் முன்னால படுத்திருக்கும்போது 'வீட்டில் இல்லை'ன்னு அழுத்தினவங்க யாரு?" முதலில் என் கையை நான் தூக்கவில்லை, அந்த வகையில் நான் ஒருத்திதான் இருப்பேனோ என்று பார்த்தேன். கன்னிவாடிப் பக்கம் பார்க்கிற ஸ்டெல்லா கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு வரிசை வரிசையாக. நானும் தூக்கினேன், வேறு பாதைகளில் நானும் அதை அழுத்தியவள்தான். சூப்பர்வைசர் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். பிறகு அவரும் எழுந்து, என் போட்டோவைத் திரையில் போட்டுக் காட்டினார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த சுற்றுக்குள் டேப்பில் மூன்றாவதாக ஒரு பொத்தான் வந்தது: 'வேறு முறையில் எடை'. எப்படிப் பார்த்தோம் என்று எழுத இடமும் கொடுத்திருந்தார்கள். கல்யாணப் பந்திக்குக் காய் நிறுக்கும் தராசு, ரேஷன் கடைத் தராசு, பால் சொசைட்டித் தராசு என்று நம் ஆட்கள் எழுதித் தள்ளினார்கள். எடை குறைந்த பிள்ளைகள் கணக்கில் ஏற ஏற, திரையில் மலை மளமளவென்று நிறம் மாறியது. அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்குக் கூட்டத்தில் அத்தனை கைகளையும் பார்த்துவிட்டு மேலதிகாரி, "அப்ப இந்தப் பிள்ளைங்கல்லாம் இவ்வளவு நாளா எங்கதான் இருந்தாங்க?" என்று கேட்டார். ஸ்டெல்லா கையை இறக்காமலே பதில் சொன்னார்.

"வீட்டுலதான் சார்."

மூன்று முகங்கள்

அடுத்த சுற்றில் மறுபடி வர்ஷினி வீட்டுக்குப் போனேன். வலிப்பு நின்றே போகவில்லை. ஆனால் வாரா வாரம் வந்தது, இப்போது வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சோறு இறங்குகிறது. ஜமால் பாய் கடையில் மறுபடி நிறுத்தபோது ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தாள். அதற்கும் ஏலக் குரலில்தான் அறிவித்தார். பகலில் மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தூங்குகிறாள் என்று பாண்டிச்செல்வி சொன்னார். அதையும் பதிந்தேன், டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டியது. "நீங்க வாரப்போல்லாம் எதுனாச்சும் சோலி வச்சிட்டுத்தாங்க்கா போறீக" என்றார். ஆனால் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு: 'பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது?' வர்ஷினிக்கு அது இதுவரை கேட்கப்பட்டதே இல்லை. எடைக் கட்டத்தைத் தாண்டி யாரும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை. பேச்சு வராதவர்களுக்காக முகங்கள் வரைந்த மூன்று அட்டைகள் கொடுத்திருந்தார்கள். சிரிக்கிற முகம் நன்று. நேர்கோடு போட்ட வாய் சுமார். கவிழ்ந்த வாய் மோசம். மூன்றையும் அவள் முன்னால் வரிசையாக வைத்தேன். சூப்பர்வைசர் காலையிலேயே போன் செய்திருந்தார். இந்தப் பிள்ளை மட்டும் 'நன்று' என்று சொல்லிவிட்டால் அறிக்கையின் முதல் பக்கத்தில் போடலாம் என்று மேலே பேசிக்கொள்கிறார்களாம். எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். இல்லையென்று சொன்னால் பொய். "நல்லாருக்குன்னு காட்டுடி. அக்கா எம்புட்டுத் தூரத்துலேருந்து வந்திருக்காக" என்றார் பாண்டிச்செல்வி.

ஒவ்வோர் அட்டையாகத் தொட்டுக் காட்டினேன். நன்று, கண்ணை இறுக மூடினாள். மோசம், அதற்கும் மூடினாள். சுமார், கண் மேலே போனது. "அவளுக்குப் புரியல போல. இன்னொரு தடவ நல்லாக் கேளுங்க்கா" என்றார் பாண்டிச்செல்வி. அட்டைகளை இடம் மாற்றி வைத்துவிட்டு, முதலிலிருந்து கேட்டேன்.

இவ்வளவு பேர், இவ்வளவு மலை, ஒரு மண்டி, ஒரு கூட்டம் எல்லாம் சேர்ந்து கேட்ட கேள்விக்கு, இரண்டாம் முறையும் வர்ஷினி 'சுமார்' என்பதையே தேர்ந்தெடுத்தாள்.